குடியிருப்புப் பகுதியில் தொடர் திருட்டைத் தடுக்க கேமரா பொருத்தினால் போதுமா?

உங்கள் தெருவில் அடுத்தடுத்து இரண்டு வீடுகளில் திருட்டு நடந்திருப்பதாகவும், நலச் சங்கத்தில் கேமராவுக்குப் பணம் திரட்டுவதாகவும், அது மட்டும் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சென்னையின் தென்புறநகரில் ஏறத்தாழ நாற்பது வீடுகள் கொண்ட ஒரு நலச் சங்கத்தில் சில ஆண்டுகள் செயலாளராக இருந்தவன் நான். கேமரா வையுங்கள், ஆனால் திருட்டைத் தடுக்கும் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். நாங்கள் அப்படித்தான் ஓய்ந்துபோனோம்.

பொங்கல் விடுமுறைக்குச் சொந்த ஊருக்குப் போயிருந்த ஒரு குடும்பம் ஆறாம் நாள் திரும்பி வந்தபோது, பின்கதவு பெயர்க்கப்பட்டு, பீரோ திறந்து கிடந்தது. தெருவில் எங்கள் சங்கம் பொருத்திய நான்கு கேமராக்கள் இருந்தன. அவற்றில் ஒன்றை வேப்பங்கிளை முழுவதுமாக மறைத்திருந்தது. இன்னொன்றில் இரு சக்கர வாகனத்தின் முகப்பு விளக்கு வெளிச்சம் மட்டும் வெள்ளையாகப் பரவியிருந்தது. வண்டி எண் தெரியவில்லை. காட்சிகளைப் பதிவுசெய்யும் கருவியான டிவிஆரின் கடிகாரம் முக்கால் மணி நேரம் பின்தங்கியிருந்ததால், எந்தக் காட்சி எப்போது பதிவானது என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டியிருந்தது. கருவியைப் பொருத்தியவரை அதற்குப் பிறகு யாரும் அழைக்கவில்லை. அழைத்திருக்க வேண்டியவன் நான்.

சென்னை மாநகரக் காவல்துறை ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் பொதுமக்களின் பங்களிப்போடு தெருத்தெருவாகக் கேமராக்களைப் பெருக்கியபோது, செயின் பறிப்பு வழக்குகளில் குற்றவாளி தப்பிச் சென்ற பாதையைத் தொடர்ந்து பிடிப்பதற்கு அது உண்மையாகவே உதவியது. ஆனால் அது குற்றம் நடந்த பின் பயன்படும் உதவி. அந்த உதவியாவது கிடைக்க வேண்டுமானால், மாதம் ஒரு நாள் ஒருவர் உட்கார்ந்து நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்: படம் தெளிவாக விழுகிறதா, கடிகாரம் சரியா, மின்தடையில் கருவி இயங்குகிறதா, எத்தனை நாள் பதிவு மிஞ்சுகிறது. எட்டுக் கேமராக்களுக்கு ஒரு டெராபைட் வட்டு மட்டும் இருந்தால், தரத்தைப் பொறுத்து ஒரு வாரத்திலோ பத்து நாளிலோ பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். நீண்ட விடுமுறையில் போனவர் திரும்பி வந்து பார்ப்பதற்குள் எல்லாம் அழிந்திருக்கும். மேலும், அந்தப் பதிவு நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்கப்பட, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும். ஆகவே கருவிக்குப் பொறுப்பாளர் யார் என்பதைச் சங்கத் தீர்மானத்தில் எழுதி வைப்பது நல்லது.

தடுப்பு என்பது வேறு வேலை. ஆளில்லாத வீட்டைத் தேடுகிறவன் முதலில் பார்ப்பது வாசலை. மார்கழியிலும் தையிலும் தெரு முழுக்கக் கோலம் இருக்க, ஒரு வீட்டு வாசல் மட்டும் மூன்று நாளாக வெறிச்சென்று இருந்தால் அதற்கு மேல் அவனுக்கு விளக்கம் தேவையில்லை. கதவில் செருகிய துண்டுப் பிரசுரங்களும், படியில் குவிந்த செய்தித்தாள்களும், வெளிக் கேட்டில் தொங்கும் பெரிய பூட்டும் அதையேதான் சொல்கின்றன. எனவே ஊருக்குப் போகும் ஒவ்வொரு வீட்டுக்கும், எதிர்வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்கினோம். ‘எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள். அவர் பால், செய்தித்தாளை நிறுத்தச் சொல்வார், மாலையில் வாசல் விளக்கைப் போடுவார், முடிந்தால் இரண்டு இழை கோலமும் இழுத்துவிடுவார். பூட்டை வெளியே தொங்கவிடாமல் உட்புறம் போடும் வகைக்கு மாற்றச் சொன்னோம். பயணப் படங்களைத் திரும்பி வந்த பிறகு பகிரச் சொன்னதை மட்டும் இளையவர்கள் பாதிதான் கேட்டார்கள்.

ஊருக்குப் போகும் முன் காவல் நிலையத்தில் ஒரு தாளில் முகவரியையும், செல்லும் நாட்களையும், அலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுங்கள். ரோந்துக் காவலர் வந்துபோனால் பொறுப்பானவர் தெரிந்துகொள்ள, அவருடைய எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். நகைகளின் ரசீதையும் படத்தையும் வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி வைத்திருங்கள். பொருள் மீட்கப்பட்டாலும் அது உங்களுடையது என்று நிறுவும்போது அதுதான் கைகொடுக்கும்.

எங்கள் கூட்டத்தில் மிகச் சூடாகப் பேசப்பட்டது வேறொன்று. இளைஞர்கள் தடியுடன் இரவு ரோந்து போக விரும்பினார்கள். சிலர் கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளர்களைத் தனிப் பட்டியலிடச் சொன்னார்கள். இரண்டையும் நான் எதிர்த்தேன். காவல்துறைக்கு உதவும் தன்னார்வலர்களைக் கொண்டு 1993-இல் இராமநாதபுரத்தில் தொடங்கிய ‘ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ அமைப்பு, சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்ததற்குப் பின் எழுந்த எதிர்ப்பில் 2020 ஜூலையில் தடை செய்யப்பட்டதை நினைவூட்டினேன். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குடும்பத்தோடு குலதெய்வக் கோயிலுக்கு வந்து, அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிக்கிறவர் என்று நம்பிக் கும்பல் அடித்துக் கொன்றது. அதற்கு அடிப்படை வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தி. ஆகவே எங்கள் வாட்ஸ்அப் குழுவில், ‘சந்தேகத்துக்குரிய ஆள்’ என்று முகத்தைப் படமெடுத்துப் போடக்கூடாது என்றும், பார்த்த செயலையும் நேரத்தையும் மட்டும் எழுத வேண்டும் என்றும் விதி வைத்தோம். பூட்டிய வீட்டுச் சுவரில் ஏறுவது செயல். இந்தி பேசுவது செயல் அல்ல.

கண்ணெதிரே திருட்டு நடந்து ஒருவரைப் பிடித்துவிட்டால், தனிநபர் கைது செய்யும் உரிமை குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் தாமதிக்காமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் காவலரிடம் ஒப்படைத்தாக வேண்டும். அடிப்பதற்கு அதில் இடமில்லை. அவசரத்துக்கு 112-ஐ அழையுங்கள்.

திருட்டு நடந்துவிட்டால் எதையும் தொடாமல், வீட்டைக் கூட்டாமல், புகார் கொடுங்கள். எந்தக் காவல் நிலையமும் எல்லையைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான மனு ரசீதோடு திரும்பிவிடாமல், முதல் தகவல் அறிக்கையின் இலவச நகலைக் கேட்டு வாங்குங்கள்.

அந்தப் பொங்கலுக்குப் பிறகு எங்கள் தெருவில் பூட்டிய வீடு எதுவும் உடைக்கப்படவில்லை. இந்த ஏற்பாடுகளால்தானா, அல்லது அவர்கள் வேறு தெரு பார்த்துக்கொண்டார்களா என்பதை என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. தெருக்கோடியில் இருக்கும் காலி மனையின் சீமைக்கருவேலம் புதரை வெட்டக் கோரி மூன்று மனுக்கள் கொடுத்தாயிற்று. அது இன்னும் அப்படியே நிற்கிறது.