ப்ராஸ்டேட் கேன்சர் இருக்கவங்க என்ன சாப்பிடலாம், களி ஏன் நல்லதுன்றாங்க?

ப்ராஸ்டேட்டுன்றது ஆம்பளைங்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழ இருக்க சின்ன சுரப்பி, அதுல வர்ற கேன்சர் பெரும்பாலும் ஆண் ஹார்மோன வச்சுதான் வளரும், அதனால நிறைய பேருக்கு அந்த ஹார்மோன குறைக்க ஊசி போடுவாங்க. சாப்பாட்டு விஷயம் இங்கதான் முக்கியமாகுது. ஹார்மோன் குறைஞ்சா எலும்பு தேயும், சதை குறைஞ்சு தொப்பை போடும், சுகரும் ஏறலாம். எலும்புல பழசு கரையறதும் புதுசு சேர்றதும் எப்பவும் நடக்கும், இப்ப கரையற வேகம் கூடிடும். நம்ம பாலாத்துல மணல் அள்ளுன வேகத்துக்கு புது மணல் வந்து சேரலயே, அதே கததான்.

எங்க பெரியப்பாவுக்கு ஊசி ஆரம்பிச்சப்புறம் பெரியம்மா மதியத்துக்கு கேழ்வரகு களி கிண்டி, உருண்டைய முருங்கக்கீரை கடைசல்ல முக்கி முன்னாடி வச்சிடுவாங்க. 100 கிராம் கேழ்வரகுல 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு. ஆனா களியும் மாவுச்சத்துதாங்க, சுகர் இருந்தா ஒரு சின்ன உருண்டையோட நிறுத்திக்கணும். கூடவே முட்டை, மீன், பயறு, மோர், வேலூர் கோட்டைப் பக்கம் சாயங்கால நடை. ஆம்பூர் பிரியாணி எப்பவாச்சும் ஒரு நாள், போதும்.

தக்காளி, மாதுளை சாப்ட்டா மருந்தே வேணாம்னு சொல்றது தப்பு, வைட்டமின் ஈ மாத்திரைய டாக்டர கேக்காம நீங்களா வாங்கிப் போடறதும் தப்பு, 2011ல வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வுல அத தினமும் போட்ட, நல்லா இருந்த ஆம்பளைங்களுக்கு ப்ராஸ்டேட் கேன்சர் அதிகமாத்தான் வந்துச்சு.