லாக்ரிங்கை இறுக்கிய பிறகும் கேசட் ஆடுவது ஏன்?

கேள்வி: பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சைக்கிளை நேரடியாக ஏற்றும் வகை ட்ரெயினரை (நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் பயிற்சிக் கருவி) மூன்று ஆண்டுகளாக வீட்டுக்குள் பயன்படுத்துகிறேன். என்னுடையது ஷிமானோ நிறுவனத்தின் 10 வேக (பின்புறம் 10 பல்சக்கரங்கள் உள்ள) பாகங்களைக் கொண்ட ரோடு சைக்கிள். ட்ரெயினரில் இருந்த கேசட் (பின்பக்கப் பல்சக்கரத் தொகுப்பு) தேய்ந்துவிட்டதால் அதே போன்ற புதிய கேசட்டை நானே மாட்டினேன். கேசட்டை வெளிப்பக்கம் பூட்டும் மரைவளையமான லாக்ரிங்கை முடிந்தவரை இறுக்கியும் கேசட் ஆடுகிறது. அழுத்தி மிதித்தால் செயினும் வழுக்குகிறது. கேசட் ஏறி உட்காரும் உருளையான ஃப்ரீஹப் கெட்டுவிட்டதா? முழு ட்ரெயினரையும் பழுதுபார்க்கக் கொடுக்க வேண்டுமா?

பதில்: ஃப்ரீஹப் கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பழைய கேசட்டைக் கழற்றியபோது அதன் பின்னால் இருந்த மெல்லிய உலோக வளையங்களும் சேர்ந்தே வெளியே வந்திருக்கும் என்றும், புதியதை மாட்டும்போது அவை விடுபட்டுப் போயின என்றும் நினைக்கிறேன். பழைய கேசட் இன்னும் கையில் இருந்தால் அதன் பின்புறத்தை முதலில் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கில் வளையம் கேசட்டோடு ஒட்டிக்கொண்டிருப்பது வழக்கம்.

இப்போதைய ட்ரெயினர்கள் பலவற்றில் 11 வேகக் கேசட்டுக்கான நீளத்தில்தான் ஃப்ரீஹப் அமைந்திருக்கிறது. ஷிமானோவின் 8, 9, 10 வேகக் கேசட்டுகளுக்கான பழைய ஃப்ரீஹப்பைவிட இது 1.85 மி.மீ. நீளமானது. அந்த இடைவெளியை நிரப்ப 1.85 மி.மீ. ஸ்பேசர், அதாவது இடைவெளி வளையம் ஒன்று வேண்டும். அத்துடன் ஷிமானோவின் பெரும்பாலான 10 வேக ரோடு கேசட்டுகளுக்கு இன்னொரு 1 மி.மீ. ஸ்பேசரும் தேவை, அது கேசட்டின் பெட்டியிலேயே வரும். இரண்டும் சேர்ந்தால் 2.85 மி.மீ. 10 வேகக் கேசட்டில் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 3.95 மி.மீ.தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த வளையங்கள் இல்லாதபோது என்ன நடக்கிறது என்பது விளங்கும்: லாக்ரிங் ஃப்ரீஹப்பின் விளிம்பில் முட்டி நின்றுவிடுகிறது, கேசட்டோ உள்ளே இங்கும் அங்கும் நகர்கிறது, செயின் எந்தப் பல்லில் உட்காருவது என்று தெரியாமல் தாவுகிறது. உங்கள் வழுக்கலுக்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

உறுதி செய்துகொள்ள, சைக்கிளை இறக்கிவிட்டு, பெரிய பல்சக்கரத்தை இரு விரல்களால் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டிப் பாருங்கள். ஃப்ரீஹப் அசையாமல் பல்சக்கரங்கள் மட்டும் அதன் மேல் கடகடவென நகர்ந்தால் குறை ஸ்பேசரில் இருக்கிறது. ஃப்ரீஹப்பும் சேர்ந்து ஆடினால் மட்டுமே பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். எதுவானாலும் சரிசெய்யும்வரை தயவுசெய்து மிதிக்க வேண்டாம். ஆடும் பல்சக்கரங்கள் அலுமினிய ஃப்ரீஹப்பின் வரிப்பள்ளங்களைக் கடித்துத் தழும்பாக்கிவிடும். அப்படி நடந்தால் சில நூறு கிராம் எடையுள்ள ஒரு கேசட்டின் சிக்கல், ஃப்ரீஹப்பையே மாற்றும் செலவாக வளர்ந்துவிடும்.

பழைய ஸ்பேசர்கள் கிடைக்காவிட்டால், புதியதை வாங்கும்முன் கேசட்டின் தயாரிப்பு எண்ணைப் பார்த்துவிடுங்கள். ஸ்ராம் நிறுவனத்தின் 10 வேகக் கேசட்டுக்கு 1.85 மி.மீ. வளையம் மட்டும் போதும். கூடுதல் 1 மி.மீ. தேவையில்லை. ஷிமானோவிலும் சில கேசட்டுகள் விதிவிலக்கு. பின்னாளில் 12 வேகத்துக்கு மாறும் எண்ணம் இருந்தால் இதையும் நினைவில் வையுங்கள்: ஷிமானோவின் 12 வேக ரோடு கேசட் இதே 11 வேக ஃப்ரீஹப்பில் ஏறிவிடும், ஆனால் அதன் 12 வேக மலைச் சைக்கிள் கேசட்டுக்கு மைக்ரோ ஸ்ப்லைன் என்ற வேறு வகை ஃப்ரீஹப்பும், ஸ்ராமின் பெரும்பாலான 12 வேக ரோடு கேசட்டுகளுக்கு எக்ஸ்டிஆர் (XDR) என்ற வகை ஃப்ரீஹப்பும் வேண்டும்.

இனி பொருத்தும் முறை. மின்இணைப்பை எடுத்துவிடுங்கள். லாக்ரிங் கருவி, அதைத் திருப்ப ஒரு ஸ்பேனர், செயின் விப் (பல்சக்கரத்தைப் பிடித்து நிறுத்த, செயின் துண்டு பொருத்திய கைப்பிடி) ஆகிய மூன்றும் தேவை. கழற்றும்போது செயின் விப்பைப் பல்சக்கரத்தில் சுற்றி அது பின்னோக்கிச் சுழலாமல் பிடித்துக்கொண்டு, லாக்ரிங்கை இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். ஃப்ரீஹப்பைத் துணியால் துடைத்து, மிக மெல்லிய கிரீஸ் பூச்சு கொடுத்து, முதலில் 1.85 மி.மீ. வளையம், பிறகு 1 மி.மீ. வளையம், அதன் பின் கேசட் என்ற வரிசையில் ஏற்றுங்கள். வரிப்பள்ளங்களில் ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து அகலத்தில் மாறுபட்டிருக்கும். பல்சக்கரங்கள் அந்த ஒரே நிலையில்தான் இறங்கும், ஆகவே வலுக்கட்டாயமாகத் தள்ள வேண்டாம். தனித்தனியாக வரும் சிறிய பல்சக்கரங்களுக்கு இடையிலான வளையங்களையும் விட்டுவிடாதீர்கள்.

இறுக்குவதில்தான் ட்ரெயினர் சாதாரணச் சக்கரத்திலிருந்து வேறுபடுகிறது. லாக்ரிங்கை வலஞ்சுழியாக இறுக்கும்போது ஃப்ரீஹப் முன்னோக்கிச் சுழலப் பார்க்கும். சக்கரமாக இருந்தால் டயரைக் கையால் பிடித்து நிறுத்தலாம், ட்ரெயினரிலோ அதன் கனமான சுழல்சக்கரமான ஃப்ளைவீல் சேர்ந்து சுழல்வதால் போதுமான இறுக்கம் வராது. பலர் ‘முடிந்தவரை’ இறுக்கியும் அது போதாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். இதற்கு நான் பரிந்துரைப்பது, செயின் விப்பைத் திருப்பிப் போட்டு எதிர்த்திசையில் சுற்றி, கேசட் முன்னோக்கிச் சுழலாதபடி பிடித்துக்கொள்வது. பெல்ட்டையோ அதன் உருளையையோ பிடித்து நிறுத்த முயலவே வேண்டாம். விரல் சிக்கினால் பெருங்காயம் ஏற்படும். இறுக்கம் 40 நியூட்டன் மீட்டர் என்று லாக்ரிங்கின் மேலேயே பெரும்பாலும் பொறித்திருப்பார்கள். டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தின் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இருந்தால் அந்த அளவுக்கு இறுக்குங்கள். இறுக்கும்போது கடைசியில் லாக்ரிங்கின் வரிகள் உரசிக் கடகடவெனச் சத்தம் கேட்பது இயல்பானது.

அடுத்தது செயின். கேசட் அசையாமல் நின்ற பிறகும் வழுக்கல் தொடர்ந்தால் செயினை அளந்தாக வேண்டும். புதிய செயினில் கண்ணிகளை இணைக்கும் ஓர் ஊசியின் மையத்திலிருந்து 24 ஊசிகள் தள்ளியுள்ள ஊசியின் மையம்வரை சரியாக 304.8 மி.மீ., அதாவது 12 அங்குலம் இருக்கும். 10 வேகச் செயினில் அது 307 மி.மீ.யைத் தாண்டிவிட்டால், 0.75 விழுக்காடு நீண்டுவிட்டது என்று பொருள்; மாற்றிவிடுங்கள். (11, 12 வேகச் செயின்களுக்கு 0.5 விழுக்காடே எல்லை.) நீண்டுபோன செயினைப் புதிய கேசட்டின் மேல் ஓட்டுவது, புதிய பற்களையும் பழைய செயினின் அளவுக்குத் தேய்த்துவிடும். இதே சைக்கிளைச் சாலையிலும் ஓட்டுபவர் என்றால், செயினை மாற்றிய பிறகு சாலைச் சக்கரத்தில் உள்ள பழைய கேசட்டில் வழுக்குகிறதா என்றும் பார்க்க வேண்டும், ஏனெனில் ஒரே செயின் இரண்டு கேசட்டுகளுக்கும் உழைக்கிறது.

சைக்கிளை ஏற்றியதும் உடனே மிதிக்காமல், கையால் பெடலைச் சுற்றி மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றி, பின்பக்க கியர் மாற்றியின் கூண்டு ட்ரெயினரின் உடலைத் தொடுகிறதா என்று பாருங்கள். பிறகு கேபிள் திருகைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு கியரிலும் சத்தமின்றி ஓடுமாறு அமையுங்கள். சாலைச் சக்கரத்துக்கும் ட்ரெயினருக்கும் இந்த அமைப்பு சற்று மாறுபட்டால், எத்தனை சொடுக்கு வித்தியாசம் என்று ஒரு தாளில் குறித்து ட்ரெயினரிலேயே ஒட்டிவையுங்கள்.

கேசட் தேய்ந்த விதமும் கவனிக்கத்தக்கது. எர்க் முறையில் (குறித்த திறன் அளவிலேயே மிதிக்க வைக்கும் ட்ரெயினர் அமைப்பு) எதிர்ப்பை ட்ரெயினரே கூட்டிக் குறைப்பதால், பலர் மணிக்கணக்கில் ஒரே கியரில் மிதித்து ஒரே பல்சக்கரத்தைத் தேய்த்துவிடுகிறார்கள். உங்கள் பழைய கேசட்டில் நடுவில் உள்ள ஓரிரண்டு பற்சக்கரங்கள் மட்டும் கூராகத் தேய்ந்திருந்தால், இனி ஒவ்வொரு பயிற்சிக்கும் வேறு கியரைத் தேர்ந்துகொள்ளுங்கள். முடித்ததும் செயினில் சொட்டிய வியர்வையையும் துடைத்துவிடுங்கள்.