பச்சை வில்லாளி உடை: ஹூட் நிற்க, கை உயர, தூணி ஆடாதிருக்க

கேள்வி: ‘ஆரோ’ தொலைக்காட்சித் தொடரில் வில்லாளி நாயகன் கிரீன் ஆரோ அணியும் பச்சைத் தோல் உடையை, திரையில் தெரிவது போலவே வீட்டில் தைக்க விரும்புகிறேன். சாதாரணத் தையல் மெஷின்தான் இருக்கிறது. சட்டை, பேன்ட் தைத்த பழக்கம் உண்டு, தோல் தைத்ததில்லை. வெள்ளோட்டமாகப் பழைய துணியில் தைத்துப் பார்த்தேன். ஹூட் பின்னால் சரிகிறது, வில்லைத் தூக்கினால் சட்டை முழுக்க மேலே ஏறுகிறது, முதுகில் மாட்டிய அம்பறாத்தூணி ஆடுகிறது. எங்கே தவறு?

பதில்: பழைய துணியில் தைத்துப் பார்த்தது நல்ல முடிவு. நீங்கள் சொல்லும் மூன்று குறைகளும் வெட்டிலும் வாரிலும் இருப்பவை. விலை உயர்ந்த தோல் வாங்கினாலும் அவை அப்படியே இருக்கும். திரையில் அந்தப் பாத்திரத்தை அடையாளம் காட்டுவது ஹூடின் கூர்முனை, இறுகிய தோள், குறுகிய இடுப்பு ஆகிய மூன்றும் சேர்ந்த உருவக்கோடு. பக்கிளும் வரித்தையலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் எந்த சீசன் உடை என்று முடிவு செய்யுங்கள். 2012-ல் தொடர் தொடங்கியபோது இருந்த உடையை வடிவமைத்தவர் காலீன் அட்வுட். அதில் முகமூடி கிடையாது, கண்ணைச் சுற்றிப் பச்சை மை மட்டும்தான். முகமூடி இரண்டாம் சீசனின் நடுவில் வருகிறது. நான்காம் சீசனில் மேல்கை வெளியே தெரியும். இவற்றைக் கலந்து தைத்தால் ஒவ்வொரு பாகமும் சரியாக இருந்தும் மொத்தத்தில் எதுவோ இடிக்கும். ஒரே சீசனிலிருந்து முன், பின், பக்கவாட்டுக் காட்சிகளை நிறுத்திப் படமெடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரப் படத்தில் நிறம் மாற்றப்பட்டிருக்கும், இரவுக் காட்சியில் பச்சை கறுப்பாகத் தெரியும். எனவே நிறத்துக்குப் பகல் வெளிச்சக் காட்சியை மட்டும் நம்புங்கள்.

அளவை விகிதத்தில் எடுங்கள். படத்தில் தோளிலிருந்து இடுப்பு வரை எத்தனை மில்லிமீட்டர், அதில் மார்புப் பட்டை எத்தனையாவது பங்கில் விழுகிறது என்று கணக்கிட்டு, அதே பங்கை உங்கள் உடம்பில் வையுங்கள். நடிகரின் சென்டிமீட்டரை அப்படியே எடுத்தால், உயரம் குறைந்தவருக்குப் பாக்கெட் இடுப்புக்குக் கீழே போய்விடும்.

துணிக்கு வருவோம். பின்புறம் பின்னல் துணி ஒட்டிய, 0.8 முதல் 1 மி.மீ. தடிமனுள்ள பி.யூ. (பாலியூரித்தேன்) செயற்கைத் தோல் வீட்டு மெஷினுக்கு ஏற்றது. இருக்கைக்குப் போடும் ரெக்சின் வேண்டாம். அது மடியாது, முழங்கையில் வெடிக்கும், மெஷினின் காலடியில் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம்) ஒட்டிக்கொண்டு நகராது. 140 செ.மீ. அகலத்தில் ஹூட் வைத்த ஜாக்கெட்டுக்கு 3 முதல் 3.5 மீட்டர், பேன்ட்டுக்கு 2 முதல் 2.5 மீட்டர் பிடிக்கும். எல்லாவற்றையும் ஒரே ரோலில் வெட்டி வாங்குங்கள். ரோலுக்கு ரோல் பச்சை மாறும். வீட்டில் தெரியாத அந்த வேறுபாடு ஃபிளாஷில் பளிச்சென்று தெரியும்.

இனி, சட்டை மேலே ஏறும் சிக்கல். ஆர்ம்ஹோல் (சட்டையில் கை இணையும் துளை) கீழே இறங்கியிருந்தால், கையைத் தூக்கும்போது சட்டைக் கை முழுச் சட்டையையும் இழுத்துக்கொண்டுதான் எழும். பெரும்பாலோர் ‘தளர்வாக இருக்கட்டும்’ என்று ஆர்ம்ஹோலை இன்னும் இறக்குவார்கள். சிக்கல் இரட்டிப்பாகும். செய்ய வேண்டியது நேரெதிர். காடாத் துணியில் ஒரு மாதிரிச் சட்டை வெட்டி, ஆர்ம்ஹோலின் அடிப்பகுதியை அக்குளுக்கு 2 செ.மீ. கீழே வரை உயர்த்துங்கள். சட்டைக் கையின் மேல் வளைவை 2 முதல் 3 செ.மீ. தாழ்த்தி, அந்த அளவுக்குக் கை அகலத்தைக் கூட்டுங்கள். தைக்குமுன் வளைவின் சுற்றளவும் ஆர்ம்ஹோலின் சுற்றளவும் பொருந்துகின்றனவா என்று டேப்பால் அளந்துவிடுங்கள். தோலைச் சுருக்கிப் பொருத்த முடியாது. பிறகு அக்குளில் 10 செ.மீ. அகலம், 14 செ.மீ. நீளத்தில் இழுபடும் கறுப்புத் துணியால் ஒரு சாய்சதுரத் துண்டு வையுங்கள். கையைத் தொங்கவிட்டால் அது வெளியே தெரியாது.

முதுகிலும் இடம் வேண்டும். நாணை இழுத்துத் தாடையருகே கொண்டுவரும்போது நாண் கையின் தோள்பட்டை பின்னால் வருகிறது, வில் கையின் பக்கம் முதுகு விரிகிறது. தோள்பட்டைகளுக்கு நடுவே 3 முதல் 4 செ.மீ. கூடுதலாக விடுங்கள், அல்லது இழுபடும் துணியில் செங்குத்தான பட்டை வையுங்கள். தூணியும் அதன் வாரும் அதை மறைத்துவிடும். இடுப்புக்கு உள்ளே 4 செ.மீ. அகல எலாஸ்டிக்கை ஒரு சுற்று தைத்து முன்னால் கொக்கி போட்டால், கை உயர்ந்தாலும் சட்டை இடுப்பிலேயே பிடித்து நிற்கும்.

மாதிரிச் சட்டையை அணிந்து வில் பிடிக்கும் நிலையில் நின்று, அப்படியே உட்கார்ந்து, குனிந்து பாருங்கள். தோலில் ஒருமுறை குத்திய ஊசித்துளை மறையாது என்பதால், எல்லாத் திருத்தமும் காடாவிலேயே முடிந்தாக வேண்டும்.

ஹூடுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். அது சரிவதற்குப் பொதுவாக மூன்று காரணங்கள். பின்மண்டையில் துணி அதிகமாகச் சேர்ந்து, அதன் எடை முன்விளிம்பைப் பின்னுக்கு இழுக்கிறது. கழுத்துக்குழியிலிருந்து உச்சி வழியாக மறுபக்கம் வரும் நீளம் போதாததால், தலை நிமிரும்போதெல்லாம் இழுபடுகிறது. உள்ளே வழுவழுப்பான லைனிங் போட்டிருந்தால் தலைமுடியில் பிடிப்பே இருக்காது.

இரண்டு துண்டில் வெட்டும் சாதாரண ஹூட் இதற்கு உதவாது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, நடுவில் ஒரு நீளப் பட்டை என்று மூன்று துண்டாக வெட்டுங்கள். நடுப்பட்டை பிடரியில் 7 செ.மீ., உச்சியில் 10, நெற்றியில் 12 என்று விரிந்துகொண்டே வந்து, முன்னால் கீழ்நோக்கிய கூர்முனையாக முடியட்டும். அந்த முனை நெற்றிக்கு 4 முதல் 5 செ.மீ. முன்னால் நீண்டால்தான் கண்ணில் நிழல் விழும். அந்த நிழல்தான் திரையில் பார்க்கும் முகத்தைக் கொடுக்கிறது. முன்விளிம்பின் நீளத்துக்கு, கழுத்துக்குழியிலிருந்து உச்சி வழியாக மறுபடியும் கழுத்துக்குழி வரை டேப்பைத் தளர்வாகப் பிடித்து அளந்து 4 செ.மீ. கூட்டுங்கள்.

விளிம்பை உள்ளே மடித்து 1 செ.மீ. குழல் போலத் தைத்து, 2 மி.மீ. அலுமினியக் கம்பியைச் செருகுங்கள். கம்பி ஒரு நெற்றிப்பொட்டிலிருந்து (கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள இடம்) உச்சி வழியாக மறு நெற்றிப்பொட்டு வரை போதும். தாடை வரை கொண்டுபோனால் ஹூட் முகத்தை விட்டு விலகி விறைத்து நிற்கும். கம்பி நுனிகளைச் சிறு வளையமாக மடக்கி டேப் சுற்றுங்கள். இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் துணியைத் துளைத்துக்கொண்டு நெற்றிப்பொட்டில் குத்தும். லைனிங் கறுப்புப் பருத்தித் துணியாக இருக்கட்டும். விளிம்பிலிருந்து 6 செ.மீ. உள்ளே, லைனிங்கில் இரண்டு டிக்டிக் கிளிப்புகளைத் தைத்துவிட்டால் முடியைப் பிடித்துக்கொள்ளும். முடி குறைவாக இருந்தால், அகலமான எலாஸ்டிக் தலைப்பட்டை ஒன்றை உச்சியிலும் இருபக்கமும் மூன்று இடத்தில் தைத்துப் பிணையுங்கள்.

பிறகு கண்ணாடி முன் நின்று தலையைப் பக்கவாட்டில் திருப்புங்கள். ஹூட் கூடவே திரும்பாமல் கண்ணை மறைத்தால் கழுத்து இறுக்கம். முன்கழுத்து வெட்டை 1 செ.மீ. இறக்குங்கள். எவ்வளவு நன்றாக வெட்டினாலும் பக்கவாட்டுப் பார்வை குறையத்தான் செய்யும். படிக்கட்டிலும் சாலையிலும் ஹூடை இறக்கிவிட்டு நடங்கள்.

தைக்கும்போது குண்டூசி கூடாது, கிளிப் போடுங்கள். இந்தத் தடிமனுக்கு 14 எண் ஊசி போதும். பல அடுக்கு சேரும் இடத்தில் 16. நூல் பாலியஸ்டர். தையல் நீளம் 3 முதல் 4 மி.மீ. இதைக் குறைக்காதீர்கள்: நெருக்கமாகத் தைத்த கோடு தபால்தலை ஓரம் போல நேராகக் கிழிந்து வந்துவிடும். அதே காரணத்தால் தொடக்கத்திலும் முடிவிலும் பின்தையல் போடாமல், நூலை உள்ளே இழுத்து முடிச்சிடுங்கள். துணி நகராவிட்டால் டெஃப்லான் காலடி மாட்டுங்கள். அது இல்லையென்றால், இருக்கும் காலடியின் அடியில் பளபளப்பில்லாத டேப் ஒட்டினாலும் நகரும். நான்கு அடுக்கு மேட்டில் மோட்டாரை விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மடித்த அட்டை ஒன்றைக் காலடியின் பின்பக்கம் கொடுத்தால் மேடு சமமாகும்.

அயர்ன் பாக்ஸ் பக்கமே போகாதீர்கள், பி.யூ. உருகும். தையலுக்கு விட்ட துணியை விரித்து, ரப்பர் பசை தடவி, உருளையால் அழுத்தி, மேலே 3 மி.மீ. தள்ளி மேல்தையல் ஓட்டுங்கள். பசையை ஜன்னல் திறந்த அறையில் பயன்படுத்துங்கள். தூசுக்குப் போடும் மாஸ்க் கரைப்பான் ஆவியைத் தடுக்காது.

தோளிலும் மார்பிலும் வரும் வரிப்பட்டைகளுக்கு, தோலின் பின்னால் 2 மி.மீ. ஈ.வி.ஏ. ஃபோம் (ரப்பர் போல் வளையும் நுரைத் தகடு) ஒட்டி, 8 மி.மீ. இடைவெளியில் கோடு கோடாகத் தையுங்கள். முதலில் வரி தைத்துவிட்டு அப்புறம்தான் துண்டை வடிவத்துக்கு வெட்ட வேண்டும். வரி விழ விழத் துண்டு சுருங்கும். வெட்டியபின் வரி தைத்தால் பக்கத்துத் துண்டோடு பொருந்தாது.

புதுத் தோலின் பளபளப்பு எந்த உடையையும் பொம்மை உடையாக்கிவிடும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் லேசாகத் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள் (அசிட்டோன் மேல்பூச்சையே கரைத்துவிடும்). தோலுக்கான பெயின்ட்டில் அடர் பழுப்பையும் கறுப்பையும் கலந்து நீர்த்து, ஸ்பாஞ்சால் தையல் பள்ளங்களில் ஒற்றி, உடனே துணியால் துடையுங்கள். முழங்கை, பாக்கெட் வாய், வார் உரசும் தோள் ஆகிய இடங்களில் 400 எண் உப்புத்தாளால் மெல்லத் தேயுங்கள். உரசல் படாத இடத்தில் தேய்மானம் காட்டாதீர்கள். கடைசியாக மேட் (பளபளப்பில்லாத) பூச்சு.

தூணிக்கு 9 முதல் 10 செ.மீ. விட்டமும் 48 செ.மீ. நீளமும் உள்ள அட்டைக் குழாய் எடுத்துத் தோல் சுற்றி ஒட்டுங்கள். பி.வி.சி. குழாய் வீண் எடை. அது ஆடுவதற்குக் காரணம், வார் இரண்டே இடத்தில் பிடித்திருப்பது. அடிமுனையிலிருந்து மூன்றாவதாக ஒரு சிறு வாரை இடுப்புப் பெல்ட்டில் மாட்டினால் ஆட்டம் நின்றுவிடும். மார்பின் குறுக்கே வரும் வார் 4 செ.மீ. அகலம் இருக்கட்டும். வலக்கையால் நாண் இழுப்பவருக்குத் தூணியின் வாய் வலத்தோளுக்கு மேல் வர வேண்டும். அம்புக்கு 8 மி.மீ. மரக்குச்சி, 74 செ.மீ. நீளம். இறகு மூன்று, 120 பாகை இடைவெளியில். அவற்றில் ஒன்று நாண் பொருந்தும் பிளவுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். வில் பழகியவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். தூணியின் அடியில் துளையிட்ட ஃபோம் கட்டை வைத்து அம்புகளைச் செருகினால் சத்தம் வராது, இறகுகளும் விசிறி போல் பிரிந்து நிற்கும். முனைகள் மழுங்கிய ஃபோமாக இருக்கட்டும்.

கைக்காப்பை 5 மி.மீ. ஈ.வி.ஏ. ஃபோமில் வெட்டி, ஹீட் கன்னால் (சூடான காற்று வீசும் கருவி) வளைத்து, தோல் ஒட்டுங்கள். மணிக்கட்டுச் சுற்றளவையும் முழங்கைக்குக் கீழ்ச் சுற்றளவையும் தனித்தனியே அளக்காவிட்டால் நழுவிக்கொண்டே இருக்கும்.

முகமூடி உள்ள சீசன் என்றால் 2 மி.மீ. ஃபோமைச் சூடாக்கி, முகத்தின் அச்சிலோ தலைப் பொம்மையிலோ வைத்து வளையுங்கள். நேராக முகத்தில் வேண்டாம். கண் துளை இமை விளிம்பிலிருந்து சுற்றிலும் 5 மி.மீ. விலகி இருக்கட்டும். ஸ்பிரிட் கம் (முகத்தில் ஒட்டப் பயன்படும் பசை) போடுவதானால், முந்தின நாளே முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி 24 மணி நேரம் பாருங்கள். அதைக் கழற்றும் திரவத்தையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். மை மட்டும் என்றால் கிரீம் மேக்கப்பைப் பூசி, நிறமில்லாத பவுடரால் ஒற்றி நிறுத்துங்கள். இமையின் உள்விளிம்பில் படக்கூடாது.

வில்லைப் பொறுத்தவரை, உடையோடு நிஜ வில்லை எடுத்துப் போவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. யாராவது வாங்கி அம்பில்லாமல் நாணை இழுத்து விட்டாலே போதும். அம்புக்குப் போக வேண்டிய விசை முழுதும் வில்லின் கைகளுக்கே திரும்பி அவை தெறிக்கலாம். 20 மி.மீ. பி.வி.சி. குழாயை 150 செ.மீ. வெட்டி, இரு பாதியையும் ஹீட் கன்னால் இளக்கித் தட்டையாக்கி, நுனிகளை எதிர்ப்புறம் வளைத்தால் தேவையான வளைவு கிடைத்துவிடும். திறந்த வெளியில் செய்யுங்கள். குழாய் பழுப்பேறும் அளவு சூடானால் நச்சுப்புகை வரும். நாணுக்கு 3 மி.மீ. கறுப்பு எலாஸ்டிக் கயிறு. படத்துக்கு முழுதாக இழுத்துக் காட்டலாம், வில்லில் விசை ஏறாது. அப்படியும் சில நிகழ்ச்சிகளில் நாண் பூட்டிய வில்லை உள்ளே விடமாட்டார்கள். ஒரு நுனியில் சிறு கொக்கி வைத்து நாணைக் கழற்றி மாட்டும்படி செய்துவைத்தால் வாசலில் சிக்கல் இருக்காது.