டிரேடிங்குக்கு வாங்கிய பங்கை முதலீடாக மாற்றிக்கொள்ளலாமா?

கேள்வி: ஒரே வாரத்தில் ஏறிவிடும் என்று நம்பி, ஒரு பங்கை 200 விலையில் 100 வாங்கினேன். இப்போது 150-ல் நிற்கிறது. நஷ்டத்தில் விற்க மனசு வரவில்லை. நீண்டகால முதலீடாக வைத்துக்கொள் என்கிறார் ஒரு நண்பர். இன்னும் 100 வாங்கி ஆவரேஜ் செய் என்கிறார் இன்னொருவர். எது சரி?

பதில்: இரண்டு பேருமே பங்கைப் பார்க்கவில்லை, உங்கள் வருத்தத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். ஒரு வாரத்துக்காக வாங்கிய பங்கு, விலை இறங்கியதாலேயே பத்து வருடத்துக்கு ஏற்றதாகிவிடாது.

ஆவரேஜ் கணக்கை முதலில் பார்ப்போம். இன்னும் 100 வாங்கினால் சராசரி விலை 175 ஆகும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 20,000 மாட்டியிருந்த இடத்தில் இப்போது 35,000 மாட்டியிருக்கும். விலை 120-க்குப் போனால், சும்மா இருந்தவருக்கு 8,000 நஷ்டம், ஆவரேஜ் செய்தவருக்கு 11,000. இன்னொன்று: 25% இறங்கிய பங்கு பழைய விலைக்கு வர 33% ஏறவேண்டும். பாதியாகிவிட்டால் 100% ஏறவேண்டும்.

டிரேடிங்கில் எத்தனை பங்கு வாங்குவது என்பதை ஸ்டாப் லாஸ்தான், அதாவது இறங்கினால் விற்று வெளியேற முன்பே குறித்துவைக்கும் விலைதான், சொல்லவேண்டும். உங்கள் மொத்த மூலதனம் 1 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிரேடில் அதில் 1%, அதாவது 1,000 வரை போனால் பரவாயில்லை என முடிவு செய்கிறீர்கள். 200-ல் வாங்கி 190-ல் ஸ்டாப் லாஸ் வைத்தால் பங்குக்கு 10 நஷ்டம். ஆக, 100 பங்கு வாங்கலாம். நீங்கள் வாங்கியதும் 100 தான்! எண்ணிக்கையில் தப்பில்லை. வெளியேறும் விலையைக் குறித்துவைக்காததால் 1,000-த்தில் முடியவேண்டியது 5,000-ஆக வளர்ந்துவிட்டது. ஸ்டாப் லாஸும் முழுக் காப்பு இல்லை. மோசமான செய்தி வந்து சந்தை திறக்கும்போதே விலை 182 என்றால், 182-ஐ ஒட்டித்தான் விற்கும்.

முதலீட்டுக்கு அளவுகோல் வேறு. நிறுவனத்தின் கடன் கூடுகிறதா, லாபம் கணக்கில் மட்டும் இருக்கிறதா, தொழிலிலிருந்து உண்மையில் ரொக்கம் வருகிறதா? இதையெல்லாம் படிக்க நேரமில்லை என்றால், சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கிவைக்கும் இண்டெக்ஸ் ஃபண்ட் போதும். அடுத்த சில வருடங்களில் தேவைப்படும் பணத்தைப் பங்கிலும் போடவேண்டாம், இந்த ஃபண்டிலும் போடவேண்டாம். அப்புறம், அடிக்கடி வாங்கி விற்பதற்கும் ஒரு விலை உண்டு. அமெரிக்காவில் 1991 முதல் 1996 வரை 66,465 குடும்பங்களின் கணக்குகளை ஆராய்ந்தார்கள். சந்தை ஆண்டுக்கு 17.9% தந்த அந்தக் காலத்தில், மிக அதிகமாக டிரேட் செய்தவர்களுக்குக் கிடைத்தது 11.4% தான். குறைந்ததில் பெரும்பகுதியைத் தின்றது கட்டணமும், ஒரே நேரத்தில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே இருக்கும் வித்தியாசமும்.

சரி, கையில் இருக்கும் 100 பங்கை என்ன செய்வது? ஒரு தாளை எடுத்து, இந்தப் பங்கை இன்று 150 கொடுத்து ஏன் வாங்கவேண்டும் என்று மூன்று வரி எழுதுங்கள். 200 என்ற எண் அதில் வரக்கூடாது. எழுத முடிந்தால் வைத்திருங்கள். முடியாவிட்டால் நாளைக் காலையில் விற்றுவிடுங்கள். பாதியை மட்டும் விற்றால் மனசு கொஞ்சம் ஆறும், அதிலும் தவறில்லை. ஆனால் மீதி 50-க்கும் அந்த மூன்று வரி வேண்டும்.