மனிதப் புரதம் செய்ய பாக்டீரியாவா, பாலூட்டி செல்லா? கேள்வி பதில்

புரதம் தயாரித்துச் சுத்தப்படுத்துவது என் அன்றாட வேலை. மனிதப் புரதங்களை எந்தச் செல்லில் தயாரிப்பது என்று வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: மேடம், என் அப்பா இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அது பாக்டீரியாவில் செய்தது என்று படித்ததும் பயமாகிவிட்டது. கிருமி ஏதாவது உடம்புக்குள் போய்விடாதா?

பதில்: பயமே வேண்டாம். ஈ.கோலை பாக்டீரியாவை உடைத்து, இன்சுலினை மட்டும் பல கட்டமாகப் பிரித்தெடுத்த பிறகுதான் அது மருந்தாகிறது. ஈ.கோலையின் வெளிச்சவ்வில் எண்டோடாக்சின் என்றொரு பொருள் உண்டு. மிகக் கொஞ்சம் ரத்தத்தில் கலந்தாலும் காய்ச்சல் வரும். அதனால் ஒவ்வொரு பேட்சிலும் அதை அளந்து பார்த்த பிறகே வெளியே விடுவார்கள்.

ஒரு காலத்தில் பன்றி, மாட்டுக் கணையங்களிலிருந்து எடுத்த இன்சுலினைத்தான் எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். 1978இல் மனித இன்சுலினை ஈ.கோலையில் செய்து காட்டினார்கள்; 1982இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பாக்டீரியாவுக்குத் தோதான புரதம் அது. 51 அமினோ அமிலங்கள், மூன்று டைசல்ஃபைடு பிணைப்புகள் (இரண்டு கந்தக அணுக்கள் சேர்ந்து புரதத்தை மடிப்பில் பிடித்துவைக்கும் இணைப்பு), அவ்வளவுதான். தொடக்கத்தில் அதன் இரண்டு சங்கிலிகளையும் தனித்தனி பாக்டீரியாவில் செய்து பிறகு சேர்த்தார்கள். இன்று சில இன்சுலின்கள் ஈஸ்டிலும் தயாராகின்றன.

கேள்வி: பாக்டீரியா 20 நிமிடத்தில் இரட்டிப்பாகிறது, செலவும் குறைவு. அப்படியென்றால் எல்லா மருந்துப் புரதத்தையும் அதிலேயே செய்யலாமே?

பதில்: செய்ய முடிந்தால் நானே முதல் ஆளாகச் செய்வேன். சி.எச்.ஓ. எனப்படும் சீன வெள்ளெலிச் சூல்பை செல்கள் இரட்டிப்பாக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். செல்களை வளர்க்கும் ஊடகமும் விலை அதிகம். ஆனாலும் அதைத் தேடிப் போவதற்கு முக்கியக் காரணம் சர்க்கரைச் சங்கிலிகள். நம் செல்கள் பல புரதங்களின் மேல் சர்க்கரை மூலக்கூறுகளைக் கோத்து ஒட்டுகின்றன. வழக்கமாக ஆய்வகத்தில் வளர்க்கும் ஈ.கோலையிடம் அதற்கான ஏற்பாடு கிடையாது.

எரித்ரோபாய்ட்டினை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்குப் போடும் ஊசி. 165 அமினோ அமிலங்கள். நான்கு இடங்களில் சர்க்கரைச் சங்கிலி. எடையில் சுமார் 40 சதவீதம் சர்க்கரைதான். அதை எடுத்துவிட்டால் வளர்ப்புத் தட்டில் இருக்கும் செல்லிடம் வேலை செய்யும், உடம்புக்குள் போட்டால் சீக்கிரமே வெளியேற்றப்பட்டுவிடும். சிவப்பணுவை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜைக்குப் போதுமான நேரம் கிடைக்காது. இதையே திருப்பிப் போட்டு யோசித்தவர்களும் உண்டு: சர்க்கரை ஒட்டும் இடங்கள் இரண்டைக் கூடுதலாகச் சேர்த்து டார்பிபாய்ட்டினை உருவாக்கினார்கள். அது ரத்தத்தில் மூன்று மடங்கு நேரம் தங்குகிறது. எனக்கு மிகவும் பிடித்த புரதப் பொறியியல் வேலைகளில் இது ஒன்று.

கேள்வி: அப்போ மனிதனில் சர்க்கரை ஒட்டிய புரதம் என்றாலே சி.எச்.ஓ.தானா?

பதில்: இல்லை, அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். கீமோதெரபியால் வெள்ளையணு குறைந்தவர்களுக்குப் போடும் ஃபில்கிராஸ்டிம் ஈ.கோலையில் செய்தது. அதன் மூலமான, நம் உடம்பிலேயே இருக்கும் ஜி-சி.எஸ்.எஃப். புரதத்தில் ஒரு சர்க்கரைச் சங்கிலி உண்டு, ஃபில்கிராஸ்டிமில் இல்லை. ஆனாலும் நன்றாகவே வேலை செய்கிறது. புரதத்துக்கு அந்தச் சர்க்கரை எதற்குத் தேவைப்படுகிறது என்று கேட்டுவிட்டுத்தான் செல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நோய் எதிர்ப்புப் புரதங்களான ஆன்டிபாடிகளிலும் அப்படித்தான். புற்றுநோய்க்குப் போடும் பெவசிசுமாப் முழு ஆன்டிபாடி, சி.எச்.ஓ.வில் தயாராகிறது. கண்ணுக்குள் போடும் ரனிபிசுமாப் வெறும் ஃபேப் துண்டு, அதாவது ஆன்டிபாடியில் இலக்கைப் பற்றும் கை மட்டும். அதில் சர்க்கரை ஒட்டும் பகுதியே இல்லாததால் ஈ.கோலை போதும்.

கேள்வி: நான் பிஎச்.டி. இரண்டாம் வருடம். மனிதப் புரதம் ஒன்றை பி.எல்.21 என்ற ஈ.கோலை ஸ்ட்ரெயினில் 37 டிகிரியில், தயாரிப்பைத் தொடங்கிவைக்கும் ஐ.பி.டி.ஜி.யை 1 மில்லிமோலார் போட்டு எக்ஸ்பிரஸ் செய்கிறேன். செல்லை உடைத்துச் சுழற்றினால் முழுவதும் கரையாமல் அடியில் படியும் பெல்லட்டில் போய்விடுகிறது. பேசாமல் பாலூட்டி செல்லுக்கு மாறிவிடவா?

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. முதலில் சொல்லுங்கள், அது செல்லுக்கு உள்ளே இருக்கும் புரதமா, வெளியே சுரக்கும் புரதமா? டைசல்ஃபைடு போடும் சிஸ்டீன் அமினோ அமிலங்கள் எத்தனை?

உள்ளே இருப்பது என்றால் புரதம் மடிவதற்குள் தயாராகிக் குவியும் வேகம்தான் பிரச்சினையாக இருக்கும். வெப்பநிலையை 16 அல்லது 18க்கு இறக்கி, ஐ.பி.டி.ஜி.யை 0.1 ஆக்கி இரவு முழுக்க விடுங்கள். அப்பவும் வரவில்லையென்றால் எம்.பி.பி. அல்லது சுமோ டேக் (புரதத்தைக் கரைந்து நிற்க வைக்க அதனுடன் ஒட்டும் துணைப் புரதம்) சேர்த்துப் பாருங்கள். டேக்கை வெட்டிய பிறகும் புரதம் கரைந்தே நிற்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். டேக் தூக்கிப் பிடித்திருக்கும் வரை நன்றாக இருந்துவிட்டு, வெட்டியதும் படிந்துவிடுகிற புரதங்கள் நிறைய.

சுரக்கும் புரதம் என்றால் கதை வேறு. ஈ.கோலையின் சைட்டோபிளாசம் ஒடுக்கும் சூழல், டைசல்ஃபைடு அங்கே சரியாக அமையாது. புரதத்தை வெளியே சுரக்கச் சொல்லும் முனைத் துண்டான சிக்னல் பெப்டைடை நீக்கினீர்களா என்றும் பாருங்கள். இரண்டு மூன்று பிணைப்பு என்றால் ஈ.கோலையின் இரண்டு சவ்வுகளுக்கு இடையிலுள்ள பெரிபிளாசத்துக்கு அனுப்பலாம், அல்லது சைட்டோபிளாசத்திலேயே டைசல்ஃபைடு அமையும்படி மாற்றப்பட்ட ஷஃபிள் வகை ஸ்ட்ரெயினில் முயலலாம்.

இன்னொன்று, அந்த பெல்லட்டைத் தூக்கி எறியாதீர்கள். டிரைட்டன் என்ற சோப்புப் பொருள் கலந்த பஃபரில் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். பழுப்பான, வழவழப்பான சவ்வுக் குப்பை போய், சுண்ணாம்பு போல வெள்ளையாக ஒரு படிவு அடியில் நிற்கும். இன்க்ளூஷன் பாடி எனப்படும் அந்தப் புரதக் கட்டிகளில் பெரும்பகுதி உங்கள் புரதமேதான். 8 மோலார் யூரியாவில் கரைத்து, டைசல்ஃபைடு சரியாக அமைய உதவும் குளுட்டாதயோன் கலந்த பஃபரில் சொட்டுச் சொட்டாக நீர்த்து மடியவிடலாம்.

டி.பி.ஏ. போல 17 டைசல்ஃபைடு உள்ள புரதம் கையில் இருந்தால் மட்டும் இத்தனை பாடு வேண்டாம். இதயத் தமனி அடைப்பைக் கரைக்கும் அந்த மருந்தை சி.எச்.ஓ.வில்தான் செய்தார்கள், 1987இல் அனுமதி கிடைத்தது.

கேள்வி: பாலூட்டி செல் ஒட்டும் சர்க்கரை அப்படியே மனிதச் சர்க்கரைதானா?

பதில்: கிட்டத்தட்ட. எலி செல்களில் ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரை அமைப்பு வரும், அது மனிதனில் இல்லை. எலி செல்லில் தயாரான செடுக்சிமாப் புற்றுநோய் மருந்துக்கு அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் சிலருக்குக் கடும் ஒவ்வாமை வந்தது. உண்ணி கடித்ததால் ஆல்ஃபா-காலுக்கு எதிரான ஐ.ஜி.ஈ. என்ற ஒவ்வாமை ஆன்டிபாடி ஏற்கெனவே அவர்கள் ரத்தத்தில் இருந்திருக்கிறது. சர்க்கரை மனிதனுடையதாகவே இருப்பது மிகவும் முக்கியம் என்றால் மனிதச் செல்லான ஹெக் 293ஐ யோசியுங்கள்.

கேள்வி: பாலூட்டி செல்லில் வைரஸ் வராதா?

பதில்: வரலாம். 2009இல் பாஸ்டனின் ஆல்ஸ்டன் ஆலையில் ஜென்சைம் நிறுவனத்தின் சி.எச்.ஓ. செல்களை வெசிவைரஸ் 2117 தாக்கி, ஆலையையே நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த வைரஸால் மனிதனுக்கு நோய் வருவதாகத் தெரியவில்லை. ஆனால் அந்த ஆலையின் மருந்தை நம்பியிருந்த, காஷே என்ற அரிய பரம்பரை நோயுள்ளவர்களுக்கு மருந்துத் தட்டுப்பாடு வந்துவிட்டது.

கேள்வி: ஈ.கோலையில் செய்த என் புரதத்தை மேக்ரோஃபேஜ் எனப்படும் நோய் எதிர்ப்பு செல்களுக்குக் கொடுத்தால், அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். புரதம் எகிறுகிறது. இதைப் பேப்பராக எழுதலாமா?

பதில்: இப்போது வேண்டாம். அது எண்டோடாக்சினின் வேலையாக இருக்கலாம், மேக்ரோஃபேஜ் அதற்குத் துள்ளிக் குதிக்கும். புரதத்தில் ஒரு பங்கைக் கொதிக்க வைத்துக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலான புரதங்கள் கெட்டுப்போகும், எண்டோடாக்சின் தாங்கும். கொதித்த பிறகும் அதே அளவு டி.என்.எஃப். வந்தால் சந்தேகம் உறுதி. எண்டோடாக்சினைப் பற்றி முடக்கும் பாலிமிக்சின் பி சேர்த்தும் ஒருமுறை பாருங்கள். அப்புறம் அதே புரதத்தை ஹெக் செல்லில் கொஞ்சம் செய்து, அதன் எண்டோடாக்சின் அளவையும் பார்த்துவிட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதியுங்கள்.