ஸ்போர்ட்ஸ் காரில் பானட்டுக்குள் சேரும் சூட்டை எப்படிக் குறைப்பது?

டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) உள்ள கார், வேகமாக ஓட்டிவிட்டு நிறுத்தினால் பானட்டுக்குள் அனல் பறக்கிறது, பெரிய ரேடியேட்டர் போட்டால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஆகாது. ரேடியேட்டர், எஞ்சினைக் குளிர்விக்க ஓடும் திரவமான கூலன்ட்டின் சூட்டைத்தான் இறக்கும். உங்களைப் படுத்துவது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் (எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) டர்போவும் வீசுகிற அனல். முழு வேகத்தில் டர்போவுக்குள் போகும் புகை 900 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். இரும்பு செக்கச்செவேலென்று பழுத்துவிடும்.

அந்தச் சூட்டைப் பிறக்கிற இடத்திலேயே மடக்குங்கள்: டர்போவுக்குத் தடித்த உறை, மேனிஃபோல்டுக்கு செராமிக் பூச்சு. மேனிஃபோல்டில் வெப்பம் தாங்கும் நாடா சுற்றுவது மலிவுதான், ஆனால் ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவை வளர்க்கும். எனக்கு அது பிடிக்காது. பக்கத்தில் போகும் பெட்ரோல் குழாய், வயர்களுக்கு வெப்பத்தைத் திருப்பியடிக்கும் பளபள உறை போதும். மெக்லாரன் எஃப்1 காரில் இந்த வேலைக்குத் தங்கத் தகடையே ஒட்டினார்கள்!

அப்புறம் காற்று. உள்ளே வர வழி இருந்தால் மட்டும் போதாது, வெளியேறவும் வேண்டும். பானட்டில் திறப்பு வெட்டுவதானால் ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால் வெட்டுங்கள். ஓடும்போது அங்கே காற்றழுத்தம் குறைவு, சூடான காற்று தானாக இழுபட்டு வெளியே வரும். முன்கண்ணாடியின் அடியில் அழுத்தம் அதிகம். சூடு வெளியேறட்டும் என்று பானட்டின் பின்பக்கத்தை, கீலுக்கடியில் வாஷர் (உலோக வளையம்) போட்டுத் தூக்கிவைக்கிறார்களே, ஓடும்போது அந்த வழியாகக் காற்று உள்ளேதான் நுழையும்.

சரி, நிறுத்தும்போது? கடைசி ஓரிரு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி வாருங்கள். சூட்டோடு எஞ்சினை அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்று, டர்போ பேரிங்கில் தங்கிய ஆயில் கருகிப் படியும்.