குளுக்கோஸ் கசக்கும் கரப்பான்

கேள்வி: என் மகன் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு படிக்கிறான். அவனுடைய அறிவியல் புத்தகத்திலிருந்து பரிணாமப் பாடத்தை எடுத்துவிட்டார்களாம். இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? லட்சக்கணக்கான வருடம் பிடிக்கும் ஒரு விஷயத்தை யார் கூடவே இருந்து பார்த்தார்கள்? இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். போன வருடம் சமையலறையில் வைத்த கரப்பான் ஜெல் நன்றாக வேலை செய்தது. இந்த வருடம் அதே ஜெல்லைக் கரப்பான்கள் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. டூப்ளிகேட் சரக்கா, இல்லை கரப்பான்களுக்கு விவரம் வந்துவிட்டதா?

– ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: இரண்டு கேள்வி கேட்டதாக நினைக்கிறீர்கள். கேட்டது ஒன்றுதான். முதல் பாதிக்கான விடை உங்கள் சிங்குக்கு அடியிலேயே இருக்கக்கூடும்.

கரப்பானுக்கு விவரம் வரவில்லை. விவரம் வர வேண்டுமென்றால் முதலில் உயிர் பிழைக்க வேண்டும். ஜெல்லைத் தின்ற கரப்பான் செத்துப்போகிறது, திரும்பி வந்து பிள்ளைகளுக்கு எதையும் சொல்லித் தருவதில்லை. நடப்பது வேறு. கணக்குக்காக உங்கள் வீட்டில் ஆயிரம் கரப்பான் என்று வைத்துக்கொள்வோம். அதில் இரண்டுக்குப் பிறவியிலேயே அந்த ஜெல்லின் இனிப்பு பிடிக்கவில்லை. ஜெல் வைத்ததும் 998 தின்று சாகின்றன. மிஞ்சிய இரண்டுக்கு மொத்தச் சமையலறையும் சொந்தம். பெண் கரப்பான் சுமக்கும் ஒரு முட்டைக்கூட்டில் 30 முதல் 40 முட்டை இருக்கும். முட்டை, குஞ்சு, முதிர்ந்த பூச்சி என்று ஒரு சுற்று முடிய ஏறக்குறைய மூன்று மாதம். போன வருட ஜெல்லுக்கும் இந்த வருட ஜெல்லுக்கும் நடுவே நான்கு தலைமுறை போய்விட்டது. மனிதர்களில் அது உங்கள் மகனுக்கும் அவனுடைய கொள்ளுத்தாத்தாவுக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம்.

பரிணாமம் என்பது இதுதான். இது ஊகமல்ல. அமெரிக்காவில் 1980-களில் விஷம் கலந்த இரை பரவலாக விற்பனைக்கு வந்தது. அதை இனிப்பாக்கியது குளுக்கோஸ். சில ஆண்டுகளிலேயே ஃபுளோரிடா மாநிலத்தில் சில வீடுகளில் அந்த இரை பலிக்காமல் போனது. ஜூல்ஸ் சில்வர்மேன் என்ற பூச்சியியலாளர் இரையில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கரப்பான்களிடம் வைத்துப் பார்த்தார். அவை விலகியது விஷத்தைப் பார்த்தல்ல, குளுக்கோஸைப் பார்த்து. ஃபிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரையை வைத்தால் தின்றன. இரையையே பார்த்திராத, ஆய்வகத்தில் பிறந்த குஞ்சுகளும் குளுக்கோஸை விட்டு விலகின. அதாவது, அது பிறப்போடு வந்த குணம். 1993-இல் இதை வெளியிட்டார்.

ஏன் விலகுகின்றன என்பது இருபது ஆண்டு கழித்து, 2013-இல் தெரிந்தது. வடக்கு கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அயாகோ வாடா-கட்சுமாட்டா, சில்வர்மேன், கோபி ஷால் மூவரும் கண்டுபிடித்தது இது. கரப்பானின் வாயுறுப்பில் உள்ள நுண்மயிர்களில் இனிப்பை உணரும் நரம்பணுவும் கசப்பை உணரும் நரம்பணுவும் தனித்தனியாக இருக்கின்றன. சாதாரணக் கரப்பானில் குளுக்கோஸ் இனிப்பு நரம்பை மட்டும் தூண்டும். இந்தக் கரப்பான்களில் அது கசப்பு நரம்பையும் தூண்டுகிறது. கசப்புச் செய்தி இனிப்பை அமுக்கிவிடுகிறது. நமக்கு வேப்பெண்ணெய் எப்படியோ அவற்றுக்குக் குளுக்கோஸ் அப்படி.

விஷயம் அதோடு நிற்கவில்லை. நான் மிகவும் வியந்தது அடுத்ததைப் படித்தபோதுதான். ஆண் கரப்பான் பெண்ணை அழைக்கும்போது இறக்கையைத் தூக்கி, முதுகிலுள்ள சுரப்பியிலிருந்து ஒரு விருந்து வைக்கும். அதில் மால்டோஸ், மால்டோட்ரியோஸ் என்ற சர்க்கரைகளும் கொழுப்பும் உண்டு. பெண் ஏறி நின்று அதை உண்ணும் அந்தச் சில நொடிகளில்தான் இணைசேர்க்கை தொடங்கும். பெண்ணின் எச்சில் பட்டதும் மால்டோஸ் குளுக்கோஸாக உடைகிறது. குளுக்கோஸ் கசக்கும் பெண் பாதி விருந்தில் இறங்கிப் போய்விடுகிறது. விஷத்திலிருந்து காப்பாற்றிய குணமே இனப்பெருக்கத்துக்கு முட்டுக்கட்டை ஆகிவிட்டது. அங்கேயும் இயற்கைத் தேர்வு நடந்தது, அதாவது பெண்ணைத் தக்கவைத்த ஆண்களின் வம்சமே பெருகியது. இந்த வகை ஆண்களின் விருந்தில் மால்டோஸ் குறைந்து, மெதுவாக உடையும் மால்டோட்ரியோஸ் கூடியிருப்பதை அதே குழு கண்டது. கசப்பு தட்டுவதற்கு முன்பே வேலையைத் தொடங்கும் வேகமும் அவற்றுக்குக் கூடியிருக்கிறது. நாம் சமையலறையில் வைத்த ஒரு பொட்டு இனிப்பு, ஓர் உயிரினம் துணை தேடும் முறையையே மாற்றியிருக்கிறது. "யார் பார்த்தார்கள்" என்று கேட்டீர்கள் அல்லவா, பார்த்தவர்களின் பெயரை மேலே தந்திருக்கிறேன்.

இப்போது பாடப்புத்தகம். 2023-இல் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பில் "மரபும் பரிணாமமும்" என்றிருந்த பாடத்தை "மரபு" என்று மட்டும் சுருக்கியது. சொன்ன காரணம் பாடச்சுமை. 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பாடம் இருக்கிறதே என்று சொல்வது போதாது. பத்தாவதுக்குப் பிறகு வணிகவியலும் கணினியும் எடுக்கும் பிள்ளைகள் அதைப் பார்க்கவே மாட்டார்கள். அவர்களும் ஆன்டிபயாடிக் வாங்குவார்கள், பயிருக்கு மருந்தடிப்பார்கள், சமையலறையில் ஜெல் வைப்பார்கள். அங்கெல்லாம் நடப்பதும் இதே கதைதான். எனவே "இல்லாவிட்டால் என்ன" என்ற உங்கள் வார்த்தையை நான் ஏற்கவில்லை.

சிறிய குறிப்பு ஒன்று. இதுவரை சொன்ன சின்னக் கரப்பானுக்கு உலகம் வைத்த பெயர் ஜெர்மன் கரப்பான். 1767-இல், உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் ஐரோப்பாவில் கிடைத்ததைப் பார்த்துப் பெயரிட்டார். ஆனால் 17 நாடுகளிலிருந்து சேர்த்த 281 கரப்பான்களின் மரபணுவை ஒப்பிட்டு 2024-இல் வெளியான ஆய்வு, இதன் பிறப்பிடம் இந்தியா அல்லது மியான்மர் என்கிறது. வயலில் வாழும் ஆசியக் கரப்பானிலிருந்து ஏறக்குறைய 2,100 ஆண்டுகளுக்கு முன் பிரிந்து, மனிதர் வீட்டுக்குள் குடிவந்த இனம் இது. இங்கே சங்கப் புலவர்கள் பாடிக்கொண்டிருந்த காலம் அது. ஆசியக் கரப்பான் இன்றும் நன்றாகப் பறக்கும், விளக்கை நாடி வரும். வீட்டுக்கு வந்தது பறப்பதை விட்டுவிட்டது, வெளிச்சத்தைக் கண்டால் ஒளிகிறது. கரத்தல் என்றால் ஒளிதல்தானே.

இனி உங்கள் சமையலறை. முதலில் இது அந்தச் சின்ன இனம்தானா என்று பாருங்கள். நீளம் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர், வெளிர் பழுப்பு நிறம், தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகள். யூட்டிலிட்டி வடிகாலில் இருந்து ஏறி வரும் பெரிய செம்பழுப்புக் கரப்பான் வேறு. அதற்கு ஜாலி மூடியும் வடிகால் சுத்தமும்தான் முதல் மருந்து.

ஜெல் பழசா, பிடிக்காமல் போனதா என்பதை ஒரே இரவில் கண்டுபிடிக்கலாம். விசிட்டிங் கார்டு அளவில் மூன்று அட்டை எடுங்கள். ஒன்றில் நீங்கள் வைத்திருக்கும் ஜெல், புதிதாகப் பிதுக்கியது, பாதி மிளகு அளவு. இரண்டாவதில் வேறு மருந்து உள்ள ஜெல், அதே அளவு. மூன்றாவதில் சர்க்கரை சேர்க்காமல் அரைத்த வறுத்த வேர்க்கடலை விழுது. மிளகுத்தூள் சிதறியதுபோல் கரும்புள்ளி எங்கே இருக்கிறதோ, அதுதான் அவற்றின் எச்சம், அதுதான் அவை நடமாடும் இடம். மூன்று அட்டையையும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரவு விளக்கணைக்கும் முன் கைப்பேசியில் படம், காலையில் மறுபடி படம். எறும்பு மொய்த்திருந்தால் அந்த இரவைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மூன்றையும் தொடவில்லை என்றால் இடம் தவறு, ஜெல்லில் குற்றமில்லை. பிதுக்கியது தின்னப்பட்டிருந்தால், முன்பு வைத்திருந்தது காய்ந்துபோயிருக்கிறது. இரண்டு ஜெல்லும் அப்படியே இருக்க வேர்க்கடலை மட்டும் காலியானால் இனிப்பு பிடிக்காத கூட்டம் உங்களிடம் இருக்கலாம். ஜெல்லைத் தின்றும் இரண்டு வாரத்தில் எண்ணிக்கை குறையவில்லை என்றால் ஜெல் போலியாக இருக்கலாம், அல்லது அது மருந்தையே தாங்கும் கூட்டம். இந்தக் கடைசி வகை மோசமானது. அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்தார் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், தாங்கும் திறன் ஒரே தலைமுறையில் நான்கு முதல் ஆறு மடங்கு ஏறியதையும், தாங்கள் பட்டிராத வேறு மருந்துகளையும் அவை தாங்கியதையும் கண்டார்கள்.

ஆகவே பிராண்டை மட்டும் மாற்றுவதில் பயனில்லை, லேபிளைப் படித்து மருந்தை மாற்ற வேண்டும். இமிடாக்ளோபிரிட் வைத்திருந்தால் அடுத்து ஃபிப்ரோனில், அல்லது மாற்றி. ஒரு மருந்தை மூன்று மாதத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். புதியதை வைக்கும் முன் பழைய பொட்டுகளைச் சுரண்டி எடுங்கள். பெரிய உருண்டையாக நாலு இடத்தில் வைப்பதைவிடச் சிறு பொட்டாக முப்பது இடத்தில் வைப்பது நல்லது: கேபினெட் கீல், சிங்கு அடியில் குழாய் சுவருக்குள் போகும் ஓட்டை, ஃபிரிட்ஜ் கம்ப்ரெசர் பக்கம், மிக்ஸி வைக்கும் மூலை. அடுப்பு மேடைப் பரப்பில் வேண்டாம்.

பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு ஜெல் வைத்த அதே வாரம் ஸ்ப்ரே அடிப்பது. ஸ்ப்ரே பட்ட ஜெல்லைக் கரப்பான்கள் பெரும்பாலும் தவிர்க்கும். பூச்சிகள் சிதறிப் பக்கத்து ஃபிளாட்டுக்குப் போய் மறுபடி வரும். ஜெல்லின் பலமே வேறு. தின்ற பூச்சி ஒளிவிடத்துக்குப் போய்ச் சாகும், அங்கே வெளியே வராத குஞ்சுகள் அதன் எச்சத்தைத் தின்று சாகும். இனிப்பும் மருந்தும் பலிக்காத இடத்தில் போரிக் அமிலத் தூள் உதவும். சுவர் இடுக்கிலும் கேபினெட் பின்புறத்திலும் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாகத் தூவ வேண்டும். குவியலாகப் போட்டால் கரப்பான் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ஈரம் பட்டால் வீண். குழந்தை, நாய், பூனைக்கு எட்டாத இடமாக இருக்கட்டும்.

குழாய்ச் சொட்டையும் நிறுத்துங்கள். தண்ணீர் இருந்தால் சோறில்லாமல் ஒரு மாதம் தாக்குப்பிடிக்கும் பூச்சி, தண்ணீர் இல்லாவிட்டால் இரண்டு வாரம்தான். முட்டைக்கூடு பொரிய மூன்று நான்கு வாரம் ஆகும் என்பதால், முதல் ஜெல் வைத்த நாளிலிருந்து 30-ஆம் நாள் இன்னொரு சுற்று கட்டாயம். ஒரே டக்ட்டைப் பங்கிடும் மேல்வீடு, கீழ்வீட்டுக்காரர்களிடம் பேசி அதே வாரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

அட்டைச் சோதனையை உங்கள் மகன் செய்யட்டும். தேதி, மருந்தின் பெயர், எந்த அட்டை எவ்வளவு குறைந்தது என்று மூன்று இரவுக்குக் குறித்து அனுப்பினால் அடுத்த இதழில் அவன் பெயரோடு வெளியிடுகிறேன்.